வீடு நிறைய ஏடுகள்

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரைப் பற்றி ஒரு கட்டுரையேனும் வராத தமிழ்ப் பேரவை மலர் அரிது. தமிழ்ப்பள்ளிக் கட்டுரைப் போட்டி முதல் பல்கலைக்கழக இலக்கிய விழா வரை அவர் பெயரை நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார், அழியவிருந்த சங்க நூல்களை அச்சேற்றினார் என்று இரண்டு வரிகளில் அவர் வாழ்க்கையை அடக்கியும் விடுகிறோம். அவர் அலைந்த கதை நமக்குத் தெரியும். அலைந்து கொண்டுவந்த ஏடுகளை அவர் எங்கே வைத்திருந்தார்? அவற்றோடு எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார்? அவருக்குப் பின் அவை என்னவாயின? இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய வரலாற்றை நான் மீண்டும் படித்தேன்.

இதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் பங்சாரில் மூன்று அறைகள் கொண்ட ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். மூன்றாவது அறை பழந்தாள்களுக்குப் போய்விட்டது. பழைய மலாயாத் தமிழ் இதழ்கள், ஆலயக் குடமுழுக்கு மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், தோட்டத்து நாடக அறிவிப்புகள், திருமண வாழ்த்து மடல்கள் எனக் கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து அவற்றின் தூசியைத் தட்டுவதும் பட்டியலிடுவதும் என் பொழுதுபோக்கு. அறைக்குள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியும் இப்போது பெட்டிகளுக்குச் சொந்தம். இதையெல்லாம் கடைசியில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று என் துணைவியார் கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு விடை சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் தமிழில் உண்டென்றால் அவர் உ.வே.சா. தான் என்று எனக்குத் தோன்றியது.

நிலையான வீடில்லாத பிள்ளை

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் கும்பகோணத்திற்கு அருகில் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் இசை வல்லவர். இசையோடு கதை சொல்லிப் பிழைத்த குடும்பம் அது. ஆதரிப்பவர் உள்ள ஊருக்குச் செல்வதும், ஆதரவு குறைந்தால் வேறு ஊர் தேடுவதுமாக அவர்கள் வாழ்ந்தனர். அரியலூர், குன்னம் என்று பிள்ளையின் படிப்பும் ஊருக்கு ஊர் மாறியது. மகனுக்குத் தமிழ் மீது ஏற்பட்ட பசியைக் கண்டு, நல்ல ஆசிரியர் எங்கே கிடைப்பார் என்று தேடியே தந்தை பல இடங்களுக்குக் குடிபெயர்ந்தார். பின்னாளில் வண்டி கொள்ளாத அளவுக்கு ஏடு சேர்த்தவரின் இளமை, மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே கழிந்தது.

1868-இல் அவருக்கும் மதுராம்பிகை அம்மையாருக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அப்போது வயது 13. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் வாயால் செய்யுள் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் எழுத்தாணியால் ஓலையில் அதை எழுத வேண்டும். ஏடு எழுதவும் விரைவாகப் படிக்கவும் சாமிநாதையருக்குப் பழக்கம் வந்தது இந்த ஆசிரியருடைய நிழலில்தான். 1876 பிப்ரவரி 1-ஆம் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். அதன் பிறகு திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அந்த இளைஞரை மடத்திலேயே தங்கவைத்துப் பாடம் சொல்லவும் கேட்கவும் வழி செய்தார்.

1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. 25 வயதில் ஒரு நிலையான வருமானமும், ஓரிடத்தில் ஊன்றி வாழும் வாய்ப்பும் அவருக்கு வந்தன. இனி வகுப்பெடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு முனிசீப்பின் கேள்வி

அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்துக்கு முனிசீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சாமிநாதையர் சென்றார். என்னென்ன நூல்கள் படித்தீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் நீண்ட பட்டியல் ஒன்றைச் சொன்னார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணி, மணிமேகலை போன்ற நூல்களைப் படித்ததுண்டா என்பதே அவருடைய அடுத்த கேள்வி. ஐயர் அந்த நூல்களைப் படித்திருக்கவில்லை. அவருடைய ஆசிரியரே அவற்றைப் பாடம் சொன்னதில்லை. அந்நாளைய தமிழ்க் கல்வியில் அவற்றுக்கு இடமே இல்லாதிருந்தது.

முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் படி ஒன்றைக் கொடுத்து, படித்துப் பாடம் சொல்லக் கேட்டுக்கொண்டார். ஐயர் அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். எழுத்துப் படிக்கத் தெரிந்தது. பொருள் பிடிபடவில்லை. திருத்தக்கதேவர் சமண முனிவர். காப்பியம் முழுதும் சமண சமயக் கருத்துகள். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று ஐயர் கேட்டுக் கற்றார். ஒரு சைவ மடத்தில் வளர்ந்த ஸ்மார்த்தப் பிராமணர், சமணர் வீட்டில் மாணவராக அமர்ந்தது அந்நாளில் சிறிய செய்தி அன்று.

ஒரு படியில் விளங்காத இடம் இன்னொரு படியில் விளங்கலாம். எனவே இன்னொரு படி வேண்டும். அதிலும் விளங்காவிட்டால் மூன்றாவது படி வேண்டும். இப்படித்தான் ஏடுகள் அவர் வீட்டுக்குள் வரத் தொடங்கின. ஏடு சேர்க்க வேண்டும் என்ற ஆசையால் அவர் சேர்க்கவில்லை. கையில் ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்காக ஏடு வந்தது. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஓலையோடு குடித்தனம்

ஏடு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதைத் தொட்டுப் பார்த்திராத தம்பி தங்கைகளுக்காகச் சிறிது விளக்க வேண்டும். பதப்படுத்திய பனையோலையைக் கையளவு அகலத்துக்கும் குறைவாக நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் ஒரு சுவடி. எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய, மையோ விளக்குக் கரியோ பூசித் துடைப்பார்கள். மஞ்சளும் எண்ணெயும் பூச்சிக்குப் பகை. எவ்வளவு காத்தாலும் ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகளே. அதற்குள் யாரேனும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதாவிட்டால் நூல் போய்விடும். செல் அரிக்கும். இராமபாணப் பூச்சி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துளைத்துக்கொண்டு போகும். ஓரம் முறிந்தால் ஒவ்வோர் அடியின் தொடக்கமும் முடிவும் முறியும்.

படிப்பதும் எளிதன்று. ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். பெயர்த்தெழுதியவர் தவறாகக் கேட்டிருந்தாலோ அரைத் தூக்கத்தில் எழுதியிருந்தாலோ அந்தப் பிழையும் நூலோடு சேர்ந்து பல தலைமுறை வாழும்.

இதற்கு ஐயர் கண்ட வழி ஒப்புநோக்குதல். ஒருவர் ஒரு படியை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் வேறு படிகளைக் கையில் வைத்துக்கொண்டு கவனிப்பார்கள். எங்கே ஓர் எழுத்து வேறுபட்டாலும் நிறுத்திக் குறித்துக்கொள்வார்கள். சிந்தாமணிக்கு அவர் 20-க்கும் மேற்பட்ட படிகளைத் திரட்டினார். அந்தக் காப்பியத்தில் 3,145 பாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியும் முழுமையாக இருந்ததென்று வைத்துக்கொண்டால் 60,000-க்கும் மேற்பட்ட முறை ஒரு பாட்டை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நச்சினார்க்கினியர் உரையையும் சேர்த்தால் வேலை பன்மடங்காகும். அந்த உரையாசிரியர் பல இடங்களில் மேற்கோள் காட்டுவார். எந்த நூலிலிருந்து என்று சொல்ல மாட்டார். அந்த மேற்கோளைத் தேடி ஐயர் வேறு நூல்களின் ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. அப்படித்தான் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அவர் கண்ணில் பட்டன. ஒரு நூலைத் துப்புரவு செய்ய உட்கார்ந்தவருக்குப் பத்து நூல்களின் வேலை வந்து சேர்ந்தது.

இவை நடந்த இடம் வீடு. கல்லூரி வேலை பகலில். ஏட்டு வேலை காலையிலும் மாலையிலும் இரவிலும் விடுமுறை நாள்களிலும். இதற்குச் சம்பளம் இல்லை. தாள், படியெடுப்பு, இரயில், அச்சுக்கூலி ஆகிய செலவுகள் உண்டு. திருமானூர்க் கிருஷ்ணையர், பின்னாளில் மகாபாரதத்தைத் தமிழில் வெளியிட்ட ம.வீ.இராமானுசாசாரியர் முதலியோர் அவருக்கு உடனிருந்து உதவினார்கள். கையொப்பக்காரர்களிடம் முன்பணம் திரட்டித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். அச்சகம் இருந்தது சென்னையில். கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அச்சுத்தாள் திருத்த விடுமுறைதோறும் அங்கே ஓடினார். 1887-இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. முதலியார் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல ஏழு ஆண்டுகள் பிடித்தன.

நண்பர்களே, இங்கே ஒருவரை நாம் மறந்துவிடக் கூடாது. ஐயர் எழுதிய தம் வரலாறு ஆசிரியரைப் பற்றியும் ஆதீனத் தலைவர்களைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. மதுராம்பிகை அம்மையாரைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது. அக்காலத்து ஆடவர் எழுத்தின் இயல்பு அது. ஆனால் 50 ரூபாய்ச் சம்பளத்தில் குடும்பமும் நடத்தி, ஏட்டுச் செலவும் பார்த்து, ஓலைக்கட்டுகளுக்கும் வந்து போகும் உதவியாளர்களுக்கும் இடம் விட்டு வாழ்ந்த ஒரு வீட்டின் சுமையில் பாதியை யார் தாங்கியிருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். தமிழன்னைக்கு உ.வே.சா. செய்த தொண்டு என்று மேடையில் முழங்கும்போது, அந்த வீட்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

எரிந்தவையும் நீரில் போனவையும்

ஏடு தேடிப் போன இடங்களில் ஐயர் கண்டவை நெஞ்சைப் பிசைபவை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளைப் போற்றுதலாக நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர்கள் கூறினார்கள். அது முறையான சடங்கு என்றே அவர்கள் நம்பினார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் ஆடிப் பதினெட்டன்று ஏட்டுக் கட்டுகளை ஆற்றில் விட்ட வீடுகளைப் பற்றியும் அறிந்து துடித்தார். அந்த வீடுகளில் இருந்தவர்கள் தீயவர்கள் அல்லர். தாத்தா சேர்த்து வைத்தவை. பேரனுக்குப் படிக்கத் தெரியாதவை. வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை. காலில் படக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது என்று நினைத்தவர்கள் மரியாதையோடு அவற்றை அழித்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆழ்வார்திருநகரியில் இலக்குமண கவிராயர் என்பவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஏடு காத்த குடும்பம். அங்கே பத்துப்பாட்டைத் தேடிக் களைத்துப்போன ஐயருக்கு, கவிராயருடைய மாமனார் வீட்டிலிருந்து ஓர் இரவில் அந்த ஏடு வந்து சேர்ந்தது. நிலா வெளிச்சத்திலேயே அவர் பிரித்துப் பார்த்தார். முல்லைப்பாட்டு கண்ணில் பட்டது. 1889-இல் பத்துப்பாட்டு அச்சாயிற்று. அப்போதும் குறிஞ்சிப்பாட்டில் மலர்ப் பெயர்கள் வரும் சில அடிகள் கிடைக்கவில்லை. பின்னர்த் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தன. ஒரு வீட்டில் பழைய கட்டு ஒன்று கிடந்ததால்தான் இன்று நாம் அந்தப் பாட்டு முழுவதையும் படிக்கிறோம்.

கிடைக்காமலே போனவற்றுக்கும் கணக்கு உண்டு. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. பரிபாடல் 70 பாடல்கள் கொண்டது என்பர். முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டுமே. புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் இல்லை. இன்னும் பல பாட்டுகள் நடுவே முறிந்து கிடக்கின்றன. தேர்வுக்காகப் புறநானூறு படிக்கும் மாணவர்கள் அந்த வெற்றிடங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஓர் ஆடிப்பெருக்கில், யாரோ ஒருவர் இடம் ஒழித்ததன் விளைவாகக்கூட அவை இருக்கலாம்.

இத்துறையில் ஐயர் தனி ஆள் அல்லர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் சி.வை.தாமோதரம் பிள்ளையும் அவருக்கு முன்னே நடந்தவர்கள். சிந்தாமணி வந்த அதே 1887-இல் தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். அவரும் தம் கைப்பொருளைச் செலவழித்தே பதிப்பித்தவர். ஐயரின் தனிச்சிறப்பு அவர் ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்த வேலையை விடாமல் செய்தது. சிலப்பதிகாரம் 1892-இல் வந்தது. புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல், ஐங்குறுநூறு 1903-இல், பதிற்றுப்பத்து 1904-இல், பரிபாடல் 1918-இல், பெருங்கதை 1924-இல் வந்தன. சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இல் வெளியிட்டிருந்த குறுந்தொகைக்கு ஐயர் புத்துரை எழுதி 1937-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 82.

தியாகராச விலாசம்

1903-இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் குடியேறினார். வாடகைக்கு இருந்த அந்த வீட்டைப் பின்னர் விலைக்கு வாங்கி, தமக்குக் கல்லூரி வேலை தேடித் தந்த தியாகராச செட்டியாரின் பெயரால் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தம் பெயரையோ முன்னோர் பெயரையோ இடவில்லை. 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவருக்கு வந்தன. 1919-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக இருந்துவிட்டு, மறுபடியும் அந்த வீட்டுக்கும் அந்த ஏடுகளுக்கும் திரும்பினார்.

1920-களின் இறுதியில் கி.வா.ஜகந்நாதன் என்ற இளைஞர் அங்கே மாணவராக வந்து சேர்ந்தார். முதிய ஆசிரியர் சொல்ல இளைய மாணவர் எழுதினார். அரை நூற்றாண்டுக்கு முன் மாயூரத்தில் நடந்தது திருவல்லிக்கேணியில் மீண்டும் நடந்தது. தம் ஆசிரியரின் வரலாற்றை ஐயர் 1933, 1934-இல் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். 1940-இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார்.

85 வயதில் இவ்வளவு நுணுக்கமான செய்திகளை அவரால் எப்படி எழுத முடிந்தது? நினைவாற்றல் ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் தாளைத் தூக்கி எறியாதவர் என்பது. தமக்கு வந்த கடிதங்களை அவர் பாதுகாத்து வைத்திருந்தார். 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்கள் ஆ.இரா.வேங்கடாசலபதியின் பதிப்பில் 2018-இல் கடிதக் கருவூலமாக அச்சில் வந்தன. ஏடு இருக்குமிடம் பற்றிய துப்பு, கையொப்பப் பணம், பாடவேறுபாடு பற்றிய ஐயம், நலம் விசாரிப்பு எல்லாம் அவற்றில் உண்டு. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அவை பழைய அஞ்சலட்டைகள். இன்றைக்கு அவை 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புலகின் வரலாறு.

நம் போர், அவர் ஏடுகள்

1942 ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்கு வந்தது. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. நம் பாட்டன் பாட்டிமார் மரவள்ளிக் கிழங்கோடு வாழத் தொடங்கிய அதே மாதங்களில், வங்காள விரிகுடாவின் மறுகரையில் சென்னையிலும் குண்டு விழும் என்ற பீதி பரவியது. ஏப்ரலில் மக்கள் நகரைக் காலி செய்து வெளியேறினார்கள். 87 வயது உ.வே.சா.வும் திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் போக நேர்ந்தது. ஏடுகளும் உடன் போயின. இளமையில் மூட்டையோடு ஊர் ஊராகத் திரிந்தவர் முதுமையிலும் மூட்டையோடு புறப்பட்டார். அங்கேயே ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் மறைந்தார். விகடன் தொடர் 122 அத்தியாயங்களோடு, 1899-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை எட்டிய அளவில் நின்றுபோனது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளும் கையெழுத்துப் படிகளும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் இறந்துவிட்டார். போர்க்காலம். தாளுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு. கரிவலம்வந்தநல்லூரில் நடந்தது இங்கும் நடந்திருக்கலாம்.

நடக்கவில்லை. அவருடைய மகன் கலியாணசுந்தரையர் அவற்றைக் கைவிடவில்லை. கலாக்ஷேத்திரா நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943-இல் அடையாற்றில் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் தோன்றியது. அது இன்று சென்னை பெசன்ட் நகரில் இயங்கி வருகிறது. தியாகராச விலாசம் அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. 2012-இல் அந்த வீடு இடிக்கப்பட்டது. அதைக் காக்கத் தவறியது தமிழர்க்கு இழுக்குத்தான். ஆயினும் வீடு போன பிறகும் ஏடுகள் இருக்கின்றன. அவை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வீட்டை விட்டு வெளியேறிவிட்டன.

குப்பைக்கும் கருவூலத்துக்கும் இடையே

ஐயரின் வீட்டிலிருந்த கட்டுகளுக்கும் ஆற்றில் போன கட்டுகளுக்கும் ஓலையில் வேறுபாடு இல்லை. எழுத்திலும் வேறுபாடு இல்லை. பின் எதில் வேறுபாடு? அவர் வரலாற்றைப் படித்து நான் கண்டது இது. முதலாவது, அவருடைய ஏடுகள் ஒரு கேள்விக்கு விடையாக வந்தவை. சேர்ப்பதற்காகச் சேர்ந்தவை அல்ல. இரண்டாவது, அவர் தனியாக உட்காரவில்லை. படிக்கத் தெரிந்த இன்னும் சிலரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். மூன்றாவது, வீட்டுக்குள் வந்தது ஏதாவது ஒரு வடிவில் வீட்டை விட்டு வெளியே போனது. ஏடாக வந்தது நூலாகப் போனது. நான்காவது, அவருக்குப் பின் பொறுப்பேற்க ஆள் இருந்தது, அவர்களுக்கு உதவ ஓர் அமைப்பும் இருந்தது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் கருவூலம் வெறும் அடைசலாகிவிடும்.

இதே வழியில் இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார், தம் ஆர்வத்தால் பல்லாயிரம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் தம் வீட்டில் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. இன்று 20-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை எழுதுபவர்கள் அந்த நூலகத்தின் வாசலைத் தாண்டாமல் எழுத முடியாது.

இனி நம் கதைக்கு வருவோம். உ.வே.சா. சிந்தாமணியை அச்சிட்ட 1887-இல்தான் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு சிங்கை நேசன் என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றது. இந்த நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் இந்நாட்டில் அச்சான தமிழ்த் தாள்கள் எத்தனை எத்தனை! பெரிய நாளேடுகளுக்கு நூலகங்களில் இடம் உண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் வெள்ளி விழா மலருக்கு? தொழிற்சங்கத் துண்டறிக்கைக்கு? எஸ்டேட் மாரியம்மன் திருவிழா அழைப்பிதழுக்கு? நான் குடியிருக்கும் பங்சாரே ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம். பங்க், கிரிசார் என்ற இரு முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்தே பங்சார் ஆயிற்று என்பர். முதலாளிகளின் பெயர் இடப்பெயராக நிலைத்துவிட்டது. அங்கே பால்மரம் வெட்டிய நம்மவர்களின் பெயர்களுக்கு இருக்கும் சான்று, யாரோ ஒருவர் வீட்டு மேல்தட்டில் பழுப்பேறிக் கிடக்கும் ஒரு நன்கொடைப் பட்டியல்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது மூட்டையில் முதலில் கழித்துக்கட்டப்பட்டவையும் இத்தகைய தாள்களே.

துணைவியாரின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு விடை உண்டு. சாப்பாட்டு மேசையை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு படிகள் இருந்தவற்றில் ஒன்றைப் பிரித்து வைத்தாயிற்று. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள இரண்டு நண்பர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து பட்டியலிட உதவுகிறார்கள். தோட்டத்துப் பள்ளி மலர்களை முதலில் எடுத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக மின்படியாக்கி வருகிறோம். அது முடிந்ததும் மூலப் படிகள் ஒரு நூலகத்துக்குப் போகும். எந்தக் கட்டு எங்கே போக வேண்டும் என்று எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தாத்தா பாட்டியின் வீட்டு அலமாரியில் பழைய தமிழ்த் தாள் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் இருக்கும் பெயர்கள் யாருடையவை என்று பெரியவர்களிடம் கேட்டு, தனித்தாளில் எழுதி அதனோடு வையுங்கள். ஊர், ஆண்டு, கொடுத்தவர் பெயர் ஆகிய மூன்றையும் குறியுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பேரவைக்கு அனுப்புங்கள். முன்னாள் மாணவர்களே, வீடு மாறும்போது தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை எங்களைக் கேளுங்கள். பெரிய காப்பியம் எதுவும் கிடைக்காமல் போகலாம். கிடைப்பது ஒரு பள்ளி மலரின் நடுப்பக்கமாக இருந்தாலும், நம் நாட்டுத் தமிழர் வரலாற்றில் ஒரு வெற்றிடம் குறையும்.